சந்தனப் பொட்டு வைத்த சவ்வு

மஞ்சு தவழும் மலையிலே, நெஞ்சு நிறைந்த நிலையிலே, பஞ்சைப் போல லேசாகிப்போன மனத்தோடு இந்த மேடையிலே வந்து நிற்கிறேன். மேல்மலைக் காய்கறி விவசாயிகள் சங்கத்தின் தலைவராய், இந்த மன்றத்தின் மணிவிளக்காய், நடுநாற்காலியில் கம்பளி போர்த்தி வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அண்ணன் தண்டாயுதபாணி அவர்களே! கேட்ட பொருளைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தரும் கொடைக்கானல் கடைவீதியின் குபேரர், என் ஆருயிர் நண்பர் யாகூப் பாய் அவர்களே! பம்பின் மூச்சு மாறினால் அதன் நோய் இன்னதென்று சொல்லிவிடும் இயந்திர வைத்தியர் தம்பி திருமலைச்சாமி அவர்களே! பீட்ரூட் நறுக்கி நறுக்கி மருதாணி இல்லாமலே சிவந்துபோன விரல்களோடு முன்வரிசையை அலங்கரிக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்ப்படையின் தளபதியாய் அமர்ந்து, நான் இன்னும் ஒரு பொய்யும் சொல்லாத நிலையிலேயே என்னை முறைத்துக்கொண்டிருக்கும் வீரம்மாள் அவர்களே! பெரியோர்களே, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு வேறு போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் பூம்பாறை அடைக்கலராஜின் ஆவி பறக்கும் வெந்நீரைப் போன்ற சூடான வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

பின்னால் கேட்கிறதா? கேட்கவில்லை என்று ஒருவர் கை ஆட்டுகிறார். கேட்காமலா நான் கேட்டதற்குப் பதில் ஆட்டுகிறீர்கள்? உட்காருங்கள்.

தலைவர் என்னை இரண்டே வார்த்தை பேசச் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் பிழைத்துக்கொண்டோம்.

ஆம், அவையோரே, பிழைத்துக்கொண்டோம். பீட்ரூட்டின் செந்நிறத்தைத் தனியே பிரித்தெடுக்கும் அந்தச் சவ்வு இயந்திரம் இனி இந்த மலையை விட்டு இறங்காது. இறக்கிக்கொண்டு போவதற்காகப் பெருமாள்மலை வரைக்கும் வந்து நின்ற லாரி வெறும் லாரியாகவே திரும்பிவிட்டது. அந்த இயந்திரத்தோடு சேர்ந்து எங்களை விட்டுப் போயிருக்க வேண்டிய என் அக்கா மகள் சகாயராணியும் இங்கேதான் இருக்கிறாள். இதோ, மேடையின் ஓரத்தில், மாமன் என்ன உளறப்போகிறானோ என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்ந்து உட்கார், ராணி. இன்றைக்கு நிமிர வேண்டிய நாள்.

எப்படிப் பிழைத்தோம்? அதைச் சொல்லத்தான் நான் வந்தேன். அந்த வரலாற்றை என்னைவிட நன்றாகச் சொல்ல யாரால் முடியும்? நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு என்னைச் சில மாதம் படித்துப் பார்த்துவிட்டு, இது நமக்கு விளங்காது என்று மூடி வைத்துவிட்டது. ஆனாலும் அயல்நாட்டு விஞ்ஞானிகள் வந்தால் அவர்களுக்கு வகுப்பெடுக்கும் அளவுக்கு இந்தச் சவ்வு சாத்திரத்தை நான் கரைத்துக் குடித்திருக்கிறேன். என்ன, வீரம்மாள்? கரைத்தது நான், குடித்தது யார் என்றா? கொஞ்சம் பொறுங்கள், தாயே. உங்கள் கட்டமும் வருகிறது.

நம் மலையில் விளையாதது எது? பூண்டு விளையவில்லையா? பேரிக்காய் பழுக்கவில்லையா? கேரட் கிழங்கு கால்முட்டி உயரம் வளரவில்லையா? சரி, கணுக்கால் உயரம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டினால் இரத்தம் சிந்தும் பீட்ரூட் விளைகிறதே, அந்தச் செல்லப்பிள்ளையை ஒட்டன்சத்திரம் சந்தையில் எப்படி வரவேற்றார்கள்? பருவத்தில் எல்லோர் காட்டிலும் ஒரே நேரத்தில் விளைந்து, எல்லோர் லாரியும் ஒரே விடியலில் போய் நின்றால், கமிசன் மண்டிக்காரர் என்ன சொன்னார்? "இன்னிக்கு மாட்டுக்குத்தான் ஆகும்ங்க. இறக்குறீங்களா, இல்ல அப்படியே ஓட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்றார். வளைந்து வளைந்து மலையிறங்கி, வயிற்றைப் புரட்டிக்கொண்டு கொண்டுபோன பொருளுக்கு அதுதான் மரியாதை. ஒட்டன்சத்திரத்து மாடுகளின் வாயெல்லாம் வெற்றிலை போட்டது போலச் சிவந்திருந்தது. மாட்டைப் பார்த்து மனிதன் பொறாமைப்பட்ட காலம் அது.

அப்போதுதான் நாங்கள் கேள்விப்பட்டோம், அந்தச் சிவப்புக்குத் தனி மவுசு உண்டென்று. ஐஸ்கிரீமுக்கு, மிட்டாய்க்கு, பாலுக்கு, எல்லாவற்றுக்கும் மருந்துச் சாயத்தை விட்டுவிட்டு மண்ணில் விளைந்த சாயத்தைத் தேடுகிறார்களாம். கிழங்கை விற்காதே, கிழங்கின் நிறத்தை விற்றுவிடு. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது? ஆனால் நிறத்தை எப்படிப் பிரிப்பது? சாறு பிழிந்தால் தண்ணீராக ஓடுகிறது. ஒரு குடம் சாற்றில் ஒரு கரண்டி நிறம். இரண்டு நாள் வைத்தால் புளித்துப்போகிறது. தண்ணீரை விரட்டி நிறத்தை நிறுத்த வேண்டும்.

"காய்ச்சிர வேண்டியதுதானே" என்றேன் நான். சபை ஒப்புக்கொண்டது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் கிண்டுவதில் பேர் பெற்ற ஒரு மாஸ்டரையே அழைத்து வந்தேன். என் கழுத்தளவு வரும் கொப்பரை, படகுத் துடுப்பு போன்ற கரண்டி. சவுக்கு விறகை அடுக்கித் தீயை மூட்டினார். ஏற்றும்போது அந்தி வானம் போல் இருந்த சாறு, கொதிக்கக் கொதிக்க நிறம் மாறி, இறக்கும்போது எப்படி இருந்தது தெரியுமா? மழைக்காலத்து மருதாநதி மாதிரி. கலங்கல், காவி, சேறு. மாஸ்டர் கரண்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "அண்ணே, இதுல ரெண்டு ஏலக்கா தட்டிப் போட்டா ருசி வந்துரும்" என்றார். நிறம் வராதா என்று கேட்டேன். "நெறம் அடுப்போட போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கொப்பரையைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நெருப்பைக் கண்டால் நிறத்துக்கு ஆகாது என்ற பெரிய உண்மையை இந்த மலையில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான்தான் என்பதை இந்த நேரத்தில் அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகுதான் என் அக்கா மகள் சகாயராணி வந்தாள். மதுரையில் வேதியியல் படித்தவள். வடக்கே கடலோரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் சவ்வு செய்யும் வித்தையைக் கற்றவள். அங்கேயே நல்ல வேலை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருந்தும், அவற்றை விட்டுவிட்டு மின்விசிறியே தேவைப்படாத ஊருக்கு வந்தாள். அரசாங்கத் துறையிடம் பேசி, சோதனைக்கென்று இந்த இயந்திரத்தை வாங்கி மலையேற்றினாள். பெருமாள்மலைப் பாதையிலே பனிமூட்டத்தில் அது வந்த காட்சி இருக்கிறதே! அன்றைய மூடுபனியைக் கத்தியால் வெட்டிக் கூடையில் அடுக்கியிருந்தால் ஒட்டன்சத்திரத்தில் அதையாவது நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். லாரிக்கு முன்னால் கையில் அரிக்கேனோடு வழிகாட்டி நடந்தவன் அடியேன். எதிரே வந்த சிறுத்தை ஒன்று என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றது. சிரிக்காதீர்கள். ஓட்டுநரைக் கேளுங்கள். ஓட்டுநர் பார்க்கவில்லை என்றால் பனிமூட்டம் அப்படி.

இயந்திரம் வந்து இறங்கிய அன்று ராணி எங்களை எல்லாம் உட்காரவைத்தாள். ஒரு கோழிமுட்டையைக் கையில் எடுத்தாள்.

"முட்டை ஓட்டை உரிச்சா உள்ள ஒரு மெல்லிசுச் சவ்வு இருக்குல்ல? அது மாதிரிதான் இதுவும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இதுல கோடி கெடக்கு. பம்பு தள்ளுற தள்ளுல, சின்னது ஓட்டை வழியாப் போயிரும். பெருசு நின்னுரும். அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்த அவ்வளவுக்குள் எவ்வளவு இருக்கிறது, அவையோரே! இரண்டு கட்டம். முதல் கட்டத்துச் சவ்வு கொஞ்சம் தாராளம். கசடும் நாரும் பிசினும் அதில் மாட்டிக்கொள்ளும். நிறமும் நீரும் நழுவிக் கீழே வந்துவிடும். இரண்டாம் கட்டத்துச் சவ்வு மகா கஞ்சம். அது நீரை மட்டும் விடும், நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் சவ்வு கசடைப் பிடித்து நிறத்தை விடுகிறது, இரண்டாம் சவ்வு நிறத்தைப் பிடித்து நீரை விடுகிறது. நெருப்பு இல்லை, புகை இல்லை, கொப்பரை இல்லை, ஏலக்காய் இல்லை. ஒரு பக்கம் தெளிந்த நீர். மறுபக்கம் திரண்ட சிவப்பு. நிறத்தோடு கொஞ்சம் இனிப்பும் தங்கிவிடும் என்றாள். ஐஸ்கிரீம் செய்கிறவருக்கு இனிப்பு கசக்கவா போகிறது?

அந்தச் சவ்வு பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று பெரியவர் ஒருவர் கேட்கிறார். பொரிக்காத அப்பளம் போல வட்டமாய், வெள்ளையாய், வழவழப்பாய் இருக்கும், ஐயா. தகடு, சவ்வு, தகடு, சவ்வு என்று அடுக்கி, இரும்புக் கம்பியால் இறுக்கி வைத்திருப்பார்கள். ஓட்டம் இல்லாதபோது கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைக்க வேண்டும். அதைப் பற்றி மட்டும் ராணி வருவோர் போவோரிடம் எல்லாம் ஓதிக்கொண்டே இருப்பாள்.

"இது காயவே கூடாது. காஞ்சா அந்த ஓட்டையெல்லாம் சுருங்கி மூடிக்கும், இல்லாட்டி வெடிச்சிரும். அப்புறம் எந்தத் தண்ணியில ஊறப்போட்டாலும் உயிர் வராது" என்பாள்.

நல்லது. இனிதான் கதை.

சோதனைக் காலம் முடியும் கட்டம் வந்தது. துறையிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து ஐஸ்கிரீம் கம்பெனி மானேஜர் ஒருவர் வருவார், அவர் கண்முன்னே இயந்திரம் ஓட வேண்டும், அவர் நன்று என்றால் இயந்திரம் மலையிலேயே இருக்கும். இல்லையென்றால் சமவெளியில் வேறு ஒரு மாவட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது, அங்கே போய்விடும், ராணியும் அதனோடு போக வேண்டும் என்று. மாற்றுச் சவ்வு கைவசம் உண்டா? கிடையாது. வடக்கேயிருந்து வர மாதக்கணக்காகும். அவர் வரும் நாள் எது? ஆயுத பூசைக்கு மறுநாள், விசயதசமி காலை. அவரை அழைத்துவர ராணி முதல் நாள் வெள்ளனே கொடைரோடு ரயிலடிக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "மாமா, சவ்வு காயாமப் பாத்துக்கங்க" என்றாள். என்னிடம் ஒப்படைத்தாள், அவையோரே. யாரிடம் ஒப்படைக்க வேண்டுமோ அவரிடம் ஒப்படைத்தாள்.

அன்று ஆயுத பூசை. நம் கூடத்தில் இந்துவும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு, யாகூப் பாய் கடையிலிருந்து பொரிகடலையும் உண்டு. அரிவாள்மணை கழுவியாயிற்று, பொட்டு வைத்தாயிற்று. தராசுக்குப் பொட்டு. பம்புக்கு மாலை. சங்கத்து டிராக்டருக்கு வாழைக்கன்று. நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டே சந்தனம் அரைத்தேன். எல்லாம் முடியும் நேரத்தில் நம் இயந்திர வைத்தியர் திருமலைச்சாமி தொட்டிப் பக்கம் போய் நின்றார்.

"ஏண்ணே, பம்புக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, தூத்துற தொடப்பத்துக்குக்கூடப் பொட்டு வச்சாச்சு. இந்தச் சவ்வு என்ன பாவம் பண்ணிச்சுங்க? தண்ணிக்குள்ள அனாதையாக் கெடக்கு" என்றார்.

"ஏலே, ராணி அதைத் தொட்டியிலயே போட்டு வைக்கச் சொல்லியிருக்காளே" என்றேன்.

"இருக்கட்டும்ங்க. தொழில் நடக்குறதே அதாலதானே? மொத ஆயுதத்தை விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் பூசை போட்டா, நாளைக்கு அந்த மானேஜர் முன்னால மெசினு நமக்கு மதிப்புக் கொடுத்து ஓடுமா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். சும்மா கிடந்த துடைப்பத்தைக் கும்பிட்டுவிட்டு, நம்மை வாழவைக்க வந்ததைத் தண்ணீரில் விட்டுவிட மனம் வருமா? தலைவர் தண்டாயுதபாணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து சவ்வைப் பார்த்தோம். எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஆமாம், தலைவரே, நீங்களும்தான். இப்போது கூரையைப் பார்த்தால் எப்படி?

அப்போதுதான் முன்வரிசையில் இருக்கிறாரே, இந்த வீரம்மாள், அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"காயக்கூடாதுன்னு ராணியம்மா தொண்டை வத்த வத்தச் சொன்னாங்க. வெளிய எடுத்தா இந்த வாடைக்குக் காயாம என்னண்ணே செய்யும்?"

உண்மைதான். இந்த வருசம் மழை எங்களை ஏமாற்றிவிட்டது. வர வேண்டிய மழைக்குப் பதில் வாடை முந்திக்கொண்டு வந்து, எல்லோர் உதட்டையும் உரித்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், மேல்மலை வரலாற்றிலே பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டிய ஒரு யோசனை என் மூளையிலே மின்னலாய் மின்னி, என் வாயிலிருந்து...

என்ன, தாயே? எழுந்து நின்று சொல்லுங்கள். மைக் வேண்டுமா? வேண்டாமா? நன்றாகத்தான் கேட்கிறது. "அந்த யோசனையைச் சொன்னது நானு. இந்த அண்ணன் அப்ப பொரிகடலை தின்னுக்கிட்டு இருந்தாரு" என்கிறார். சரி. ஒப்புக்கொள்கிறேன். உதடு காயாமல் இருக்க நாம் எதைத் தடவுகிறோமோ அதையே இதற்கும் தடவினால் காயாதல்லவா என்று கேட்டவர் வீரம்மாள். ஆனால் அவையோரே, யோசனையைத் தடவ முடியுமா? கிளிசரினைத்தான் தடவ முடியும். அந்தக் கிளிசரின் யாருடையது?

இந்த அடைக்கலராஜின் குதிகால் வெடிப்பை அறியாதார் இந்த மலையில் உண்டா? ஓணான் போய் ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பிளந்த குதிகால். அதற்காக யாகூப் பாய் கடையில் பன்னீர் கலந்த கிளிசரின் பெரிய பாட்டிலாக அன்றைக்கு முந்தைய நாள்தான் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். "பெரிய பாட்டில் எதுக்கு, காலு ரெண்டுதானே?" என்று பாய்கூடக் கேலி பேசினார். கேட்டீர்களா, இல்லையா, பாய்? கேட்டேன் என்று தலையாட்டுகிறார். சின்ன பாட்டில் வாங்கியிருந்தால் இன்று இந்தக் கூட்டம் உண்டா? இந்த மாலை உண்டா? இந்த மைக் உண்டா?

பாட்டில் முழுவதையும் அண்டாத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினோம். தாய்மார்கள் ஒவ்வொரு சவ்வையும் எடுத்து, அதில் முக்கி, பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போல் உள்ளங்கையால் நீவி, வாழை இலையில் வரிசையாக அடுக்கினார்கள். நான் ஒவ்வொன்றின் விளிம்பிலும் சின்னதாகச் சந்தனப் பொட்டு வைத்தேன். சாம்பிராணி போட்டோம். கும்பிட்டோம். பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதல்லவா? தொடவில்லை. வாடைக்காற்று மட்டும் சன்னல் வழியாக வந்து இரவெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தது.

விடிந்தது விசயதசமி. ஜீப் வந்தது. ராணி இறங்கினாள், மானேஜர் இறங்கினார். கூடத்துக்குள் வந்த ராணியின் கண் முதலில் தொட்டிக்குப் போனது. தொட்டித் தண்ணீரில் இரண்டு சாமந்திப்பூக்கள் மட்டும் மிதந்தன. கண் மெல்லத் திரும்பி வாழை இலைக்கு வந்தது. அங்கே விளக்கு, எலுமிச்சம்பழம், ஊதுவத்தி, அவளுடைய உயிரான சவ்வுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாமா, எப்ப வெளிய எடுத்தீங்க?"

"நேத்து, பூசை நேரத்துல."

பக்கத்தில் கிடந்த பீட்ரூட் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மானேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ரொம்ப அழகா இருக்குங்க, மெசினுக்கெல்லாம் பூசை போட்டிருக்கீங்களே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கையில் பொரிகடலைப் பொட்டலத்தைத் திணித்துத் தலைவர் வெளியே அழைத்துப்போனார். அந்தப் பொரியை அவர் மெல்ல மெல்ல மென்ற நேரம் இருக்கிறதே, அதுதான் எங்களுக்குக் கிடைத்த அவகாசம்.

ராணி எழுந்தாள். செத்த பறவையை எடுப்பதுபோல ஒரு சவ்வை எடுத்தாள். எடுத்ததும் அவள் முகம் மாறியது. சவ்வு அப்பளம் போல நொறுங்கவில்லை. ஈரத்துணி போல வளைந்தது. விரலால் தடவினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மாமா, உங்க குதிகால் வாசம் அடிக்குது" என்றாள்.

வீரம்மாள் முன்னே வந்து நடந்ததை நடந்தபடி சொன்னார். உதடு, வாடை, பாட்டில், அண்டா, எல்லாம். ராணி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"செய்யிற எடத்துலயே, தூர ஊருக்கு அனுப்புறப்ப, காயாம இருக்க இதைத்தாங்க தடவி அனுப்புவாங்க. எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்கணும்னு தோணவே இல்ல. நான் காயக்கூடாதுன்னு மட்டும் சொன்னேன். நீங்க மீதியைக் கேட்டுக்கிட்டீங்க" என்றாள்.

ஆனால் பயம் முழுதும் விலகவில்லை. "கை படாத எடம் ஒண்ணு இருந்திருந்தாலும் அங்க வெடிச்சிருக்கும். வெடிச்சிருந்தா, நல்ல தண்ணி வர வேண்டிய குழாயில செவப்பு வரும். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். வெரசா மாட்டுங்க" என்றாள்.

பொட்டெல்லாம் விளிம்பில்தான் இருந்தது, சாறு படாத ஓரம். அதைத் துடைத்து, கிளிசரின் போகும்படி அலசி, தகட்டுக்கு நடுவே அடுக்கி இறுக்கினார்கள். மானேஜரும் பொரியை முடித்துவிட்டு வந்து நின்றார். பம்பு முழங்கியது. அந்த முழக்கம் பழனி மலைப்படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டதென்று பின்னால் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்கக்கூடாது.

தெளிந்த நீர் வர வேண்டிய குழாயின் கீழே ராணி ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்தாள். எல்லோர் கண்ணும் அந்தக் குழாய் வாயில். ஒரு சொட்டு வந்தது.

சிவப்பு.

அவையோரே, அந்த ஒரு சொட்டில் நான் என்னவெல்லாம் பார்த்தேன் தெரியுமா? மலையிறங்கும் லாரியைப் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்து மாடுகளைப் பார்த்தேன். பெட்டியோடு ஜீப்பில் ஏறும் என் அக்கா மகளைப் பார்த்தேன். இரண்டாவது சொட்டும் சிவப்பு. மானேஜர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று குரல் கொடுத்தார் திருமலைச்சாமி. பம்பை அணைத்துவிட்டுத் தகட்டு அடுக்கைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்தார். ஓர் இடத்தில் விரலை விட்டு எதையோ இழுத்தார். என்ன வந்தது? நூல். பம்புக்குப் போட்டிருந்தோமே சாமந்தி மாலை, அதன் நூலும் ஓர் இதழும் ரப்பர் வளையத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டிருந்தன.

"வெடிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாலைதாங்க உள்ள வந்து எட்டிப் பாத்திருக்கு" என்றார். வளையத்தைத் துடைத்து, மறுபடி பொருத்தி, கம்பியை மறுபடி இறுக்கினார்.

மறுபடி பம்பு. மறுபடி டம்ளர். முதல் சொட்டு இளஞ்சிவப்பு. அடுத்தது வெளிறிப்போன ரோசாப்பூ. அதற்கடுத்தது? அதற்கடுத்தது? நிறமே இல்லை. பேரிச்சோலை ஊற்றைப் போல, கண்ணீரைப் போல, பளிங்கைப் போல, டம்ளர் நிறைய நிறையத் தெளிந்த தண்ணீர்.

"தெளிஞ்சிருச்சு" என்றார் வீரம்மாள். அவ்வளவுதான் சொன்னார். கூடமே உட்கார்ந்துவிட்டது. நின்றவர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். நான் அந்த டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன். நற்கருணை வாங்கியபோதுகூட என் உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை. பங்குச் சாமியார் இங்கே இல்லை, இருந்தால் மன்னிக்கட்டும்.

மறுபக்கத்துக் குழாயில், வேலை முடிய முடியத் திரண்டு வந்தது சிவப்பு. காய்ச்சாத சிவப்பு, கருகாத சிவப்பு. மானேஜர் ஒரு கிண்ணம் குளிர்ந்த பாலில் ஒரு துளி விட்டுக் கலக்கினார். பால், வெட்கப்பட்ட முகம் போல் ஆயிற்று. இன்னொரு துளி விட்டார். பிறகு ராணியைப் பார்த்து, "சவ்வை இவ்வளவு பதமா வச்சிருக்கீங்களே, என்ன மருந்து போடுறீங்க?" என்று கேட்டார்.

ராணி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றி என் குதிகாலைக் காட்டினேன்.

இன்று காலை வந்தது நல்ல சேதி. இயந்திரம் இங்கேயே. ராணி இங்கேயே. நம் பீட்ரூட் இனி மாட்டுக்குப் போகாது, பிள்ளைகள் கையில் குச்சி ஐஸாக உருகும். அப்பாடா என்று ஒரு முறை எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டீர்களா? இன்னொரு முறை. மனம் நிறையவில்லை எனக்கு.

அன்பிற்கினியோரே, ஒரு சவ்வு நமக்கு என்ன காட்டியது? விட வேண்டியதை விட்டது, பிடிக்க வேண்டியதைப் பிடித்தது. நாமும் அப்படித்தானே செய்தோம்? ராணி ஒரு வார்த்தை சொன்னாள். அதில் தொட்டியை விட்டுவிட்டோம். ஆனால் காயக்கூடாது என்பதைப் பிடித்துக்கொண்டோம். அவள் சொல்லாதிருந்தால் நாம் தடவியிருப்போமா? நாம் தடவாதிருந்தால் அவள் சொன்னது நின்றிருக்குமா? யார் பெரியவர் என்று யாராவது கேட்டால், படித்தவளும் பெரியவள், நறுக்கியவரும் பெரியவர், நூலை இழுத்தவரும் பெரியவர் என்று சொல்வேன். அவர்கள் எல்லோரையும்விடப் பெரியது எது என்று கேட்டால், என் குதிகால் என்று சொல்வேன். சொன்னால் வீரம்மாள் விட்டுவிடுவாரா? விடமாட்டார். எழுந்துவிட்டார், பாருங்கள். உட்காருங்கள், தாயே, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு தீர்மானம். அடுத்த ஆயுத பூசைக்கும் இந்தக் கூடத்தில் பொட்டு உண்டு, மாலை உண்டு, பொரிகடலை உண்டு. ஆனால் பொட்டைத் தொட்டிக்கு வைப்போம். மாலையைத் தொட்டிக்குப் போடுவோம். சவ்வு உள்ளேயே தண்ணீரில் இருந்தபடி பூசையை வாங்கிக்கொள்ளட்டும். ராணி தலையை நிமிர்த்திவிட்டாள். சிரிக்கிறாள். தீர்மானம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

பேச அனுமதித்துவிட்டு இப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தலைவருக்கும், கேலி பேசினாலும் பெரிய பாட்டிலையே தந்த யாகூப் பாய்க்கும், நூலைக் கண்டுபிடித்த திருமலைச்சாமிக்கும், யோசனையைத் தந்த வீரம்மாளுக்கும், உள்ளங்கையால் நீவிய ஒவ்வொரு தாய்க்கும், எங்களை நம்பிச் சவ்வை விட்டுப்போன என் சகாயராணிக்கும், இந்தக் குளிரிலும் எழுந்து போகாமல் என்னைத் தாங்கிக்கொண்ட உங்களுக்கும், என் வெடிப்பாறிய குதிகாலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் நிறைந்த நன்றி. மலை வாழ்க, மலையில் விளைந்த சிவப்பு வாழ்க, நாம் எல்லோரும் நிம்மதியாய்ப் போர்த்திக்கொண்டு தூங்குவோமாக. வணக்கம்.